நீலப் பை

மூன்று இடம் பார்த்தேன்.
வவுனியாவில் ஒன்று: இருபது கட்டில், ஒரு ரீவி,
அதற்கு முன்னால் அதைப் பார்க்காத இருபது முகம்.
கிளிநொச்சியில் இடமில்லை,
பெயரை எழுதிவிட்டுப் போங்கோ என்றார்கள்.
கடைசியாக மாங்குளம் தாண்டி, பாலைமரங்களுக்குள் இது.
கக்கூசில் பிடித்து எழும்ப ஒரு இரும்புக் கம்பி.
ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.
முடிவெடுத்தது அந்தக் கம்பிதான்.

"சனம் என்ன சொல்லும் அக்கா"
ரொறன்ரோவிலிருந்து கேதீஸ்.
அவர் கிணற்றடியில் விழுந்து கிடந்த விடியப்புறம்
சனத்தில் ஒருத்தரும் வரவில்லை,
பக்கத்து வளவு நாய்தான் குரைத்தது என்றேன்.
காசு அனுப்புறன் என்றான்.
அனுப்பினான். அதையும் சொல்லத்தான் வேணும்.

சேர்க்கிற அன்று ஒரு பட்டியல் நீட்டினார்கள்:
சாரம் நாலு, துவாய் இரண்டு,
கோப்பை, போர்வை, விதானையின் கடிதம்.
அப்பா இருபத்தாறு வருசம் சங்கக்கடை மனேச்சர்.
பேனை வாங்கி ஒவ்வொன்றாய்ச் சரி போட்டார்.
போட்டு முடித்து, மூடியைத் திருகியபடி,
"இது எத்தினை நாளைக்கு?"
பொறுப்பாளர் றெஜினா என்னைப் பார்த்தார்.
செட்டிகுளத்தில், முட்கம்பிக்கு உள்ளே,
பெயர் பதிந்தவனிடமும் இதையேதான் கேட்டவர்.
அவனும் பதில் சொல்லவில்லை.

கட்டிலுக்குக் கீழே நீலப் பை.
சிப் பழுது; கிழிந்த சாரத்துண்டால் கட்டியது.
உள்ளே ரோச் லைற், மாரி பிஸ்கற்,
பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி,
அம்மாவின் இறப்பு அத்தாட்சி.
விசுவமடுவிலிருந்து எழும்பி, போன இடத்திலிருந்து எழும்பி,
அதற்குப் பிறகும் எழும்பி,
கால் மணித்தியாலத்தில் வெளிக்கிடப் பழகினவர்.
திரும்பி வந்து, கல்வீடு கட்டி, பதினாலு வருசம்.
பிஸ்கற் மட்டும் மாறும். பை அவிழாது.

முதல் ஞாயிறு
சேட் போட்டு, தலை இழுத்து, கட்டில் விளிம்பில் இருந்தார்.
"பஸ் எத்தினை மணிக்கு?"
அடுத்த ஞாயிறு அதையும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு நான் போகவில்லை.
பாலத்துக்கு மேலால வெள்ளம் என்று ரெலிபோனில் சொன்னேன்.
வெள்ளமில்லை.
பத்து மணிவரைக்கும் நித்திரை கொண்டேன்,
இரண்டு வருசத்தில் முதல்தரம்.
எழும்பி இருந்து அழுதேன்.
பசித்தது. தோசை சுட்டுத் தின்றேன்.

பிறகொரு நாள் றெஜினா சொன்னார்:
ஸ்ரோர் தராசு நூறு கிராம் பிழையாம்,
சீனிக்காரன் இவ்வளவு நாளும் ஏமாத்திப்போட்டானாம்,
அப்பா கண்டுபிடிச்சவர்.
ஒரு சீ.ஆர். கொப்பி கொடுத்திருந்தார்கள்.
நடுங்குகிற எழுத்தில் பருப்பு, மா, தேங்காய் எண்ணெய்.
பக்கத்துக் கட்டில் சந்தியாப்பிள்ளை, மடுப் பக்கத்து ஆள்,
"உங்கட கொப்பரோட பெரிய கரைச்சல் பிள்ளை,
தேத்தண்ணிக்கும் கணக்குக் கேக்கிறார்" என்று
என்னிடம் முறையிட்டார். சிரித்துக்கொண்டு.

கார்த்திகை மழைக்குள் போனபோது
பை கட்டிலுக்கு மேலே இருந்தது. மடித்து.
"இதைக் கொண்டு போ. இஞ்ச இடத்தை அடைக்குது."
உறுதி?
"அலுமாரிக்குள்ள."
பிஸ்கற்?
"சந்தியாப்பிள்ளை திண்டிட்டார்."
ரோச் லைற் தலையணைக்குக் கீழே இருந்தது,
இரவில் கம்பிவரைக்கும் போய்வர.

ஏழு மாசமாய் நான் கேட்டு நின்றது இதைத்தான்.
இதைத்தான் நேர்ந்தும் வைத்திருந்தேன்.
பஸ்ஸில் கொண்டக்ரர் மேலே போடச் சொன்னான்;
போடவில்லை. மடியில் வைத்திருந்தேன்,
ஒன்றுமேயில்லாத அதை.

வீட்டில் அலுமாரிக்கு மேலே வைத்தேன். எடுத்தேன்.
அவரின் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.
அதையும் எடுத்தேன்.
கால் மணித்தியாலம் இருக்கும்,
வெறும் பையோடு அறை அறையாய்த் திரிந்தது.
கடைசியில், ஊத்தை போகட்டுமென்று
தோய்த்துக் கொடியில் போட்டேன்.

இரவு மழை பிடித்தது.
எழும்பிப் போய் எடுத்து வந்தேன்.